சாய்ந்து நின்ற ஸ்டாண்டு

ஈ.எஸ்.ஆர். பார்க்கும் கண்ணாடிக் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் அரசு ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்ததில் நான் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்ட விஷயங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. ரத்தத்தை சிட்ரேட் கரைசலோடு கலந்து, இருநூறு மில்லிமீட்டர் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் விட வேண்டும். சிவப்பு அணுக்கள் கீழே இறங்கும். மேலே மஞ்சளாக நீர் தெளியும். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்ததோ அதுதான் எண். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் எண் ஏறும். குழாய் சாய்ந்திருந்தாலும் ஏறும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏறும்.

இந்தக் கடைசி விஷயத்தை வைத்துக்கொண்டு 1991-இல் ஆறு மாதம் ஓட்டினேன்.

முடக்குவாதம் எனக்கு ரிடையர் ஆவதற்கு ஒரு வருடம் முன்பு வந்தது. முதலில் இரண்டு கை விரல்களின் கணுக்கள், பிறகு மணிக்கட்டுகள். வலது கைதான் அதிகம். ஓய்வு பெற்ற கையோடு மறைமலை நகரில் இரண்டு அறை வீடு ஒன்றில் குடியேறினேன். எனக்குக் கணவன், பிள்ளை கிடையாது. நாக்பூரில் ஒரு தம்பி. அவன் மாதம் ஒரு கடிதம் எழுதுவான். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசிப் பத்தி ஒன்றுதான். "கை முடியவில்லை என்றால் யோசிக்காமல் இங்கே வந்துவிடு அக்கா, ஹாலில் ஒரு கட்டில் போட்டுத் தருகிறோம்." நல்ல மனதோடுதான் எழுதினான். ஆனால் அந்த ஹாலை நான் பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் எனக்கான இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அதனால் கை முடியாமல் போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுவாதப் பிரிவு டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. முதல் நாளே ஒரு அட்டையைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "மேடம், இந்த நோய் போகாது. அடங்கும். அடங்கியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு விஷயம் பார்ப்பேன். காலையில் எழுந்தால் மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது. எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது. கை பிடிமானம் எவ்வளவு. ஈ.எஸ்.ஆர். எவ்வளவு. இந்த நான்கும் அடங்கியிருந்தால் இப்போதைய மாத்திரையே போதும். ஏறினால் வேறு மாத்திரை."

வேறு மாத்திரை என்றால் மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்குக் கொடுப்பது. வாதத்துக்குச் சின்ன அளவில், வாரத்துக்கு ஒரு நாள். அதைச் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தை அடிக்கடி எடுத்து ஈரல் கெடுகிறதா, வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி வருகிறவர்களின் ரத்தம் என் மேஜைக்கும் வந்திருக்கிறது. சீட்டில் எழுதியிருக்கும் பெயர் நான்கைந்து மாதம் வரும். பிறகு வராது. அவர்கள் புற்றுநோய்க்காரர்கள், அவர்களுக்கு அளவு வேறு, எனக்கு அளவு வேறு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

டாக்டருடைய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். முடிவு மறுநாள் வரும். அதனால் ஊரிலேயே ஈ.எஸ்.ஆர். பார்த்து எடுத்துவரச் சொல்லியிருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு லேப். நடத்தியவர் ராணுவ ஆஸ்பத்திரியில் பதினேழு வருடம் லேப் உதவியாளராக இருந்து வந்தவர். வெள்ளைச் சட்டையை எப்போதும் முழுக்கையாகப் போட்டுக் கொத்தான மீசையைத் தடவிக்கொண்டே பேசுவார். எனக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. ஊசி சுத்தமாகப் போடுவார், சீட்டைத் தெளிவாக எழுதுவார். ஒரே குறை, அவருடைய ஸ்டாண்டு.

ஜனவரி மாதம்தான் அதைக் கவனித்தேன். இரும்பு ஸ்டாண்டு, ஆறு குழாய் நிற்கும். அடியில் மட்டம் பார்க்க மூன்று திருகுக் கால்கள் இருக்க வேண்டும். ஒன்று கழன்று போய்விட்டது. அந்த இடத்தில் மாத்திரை அட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார். அட்டை நாளாக ஆக நசுங்கியிருந்தது. ஸ்டாண்டு ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கூர்ந்து பார்க்கத் தேவையில்லை. பின்னால் இருந்த ஜன்னல் கம்பியோடு ஒப்பிட்டாலே தெரிந்தது.

அன்று என் எண் ஐம்பத்து நான்கு. அதற்கு முந்தைய முறை முப்பத்து இரண்டு.

சென்னைக்குப் போய் டாக்டரிடம் சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். "டாக்டர், இந்த எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க. ஸ்டாண்டு சாய்ஞ்சிருக்கு. நானே பார்த்தேன்."

அவர் என்னை மதித்தார். அதுதான் வினையே. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு மாத்திரையை மாற்றியிருப்பார். முப்பத்து மூன்று வருட அனுபவம் சொல்கிறது என்பதால் அட்டையில் ஐம்பத்து நான்கு என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

பிறகு பிடிமானம் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து, கையில் கொடுத்துப் பிழியச் சொல்வார். பாதரசம் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் பிடிமானம். வலது கையில் முன்பு நூற்று நாற்பது ஏறியது அன்று நூற்றுப் பதினைந்தில் நின்றது.

"ட்யூப்ல விரிசல் இருக்கு டாக்டர். காத்து போற சத்தம் கேக்குது" என்றேன்.

அவர் ட்யூபைக் காதில் வைத்துப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். அங்கேயும் ஒரு கேள்விக்குறி.

வீங்கிய மூட்டுகளை அமுக்கி எண்ணியபோது, போன தடவை இவர் இத்தனை அழுத்தி அமுக்கவில்லை என்று தோன்றியது. அதையும் சொன்னேன். மிச்சம் இருந்தது காலை இறுக்கம். அது நான் சொல்வதுதான், கருவி கிடையாது. அதை அளக்க எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். எழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்வேன், பிறகு ரவிக்கையின் கொக்கிகளை என்னால் மாட்ட முடிகிற நேரத்தையும் குறிப்பேன். வித்தியாசம்தான் இறுக்கம். நல்ல முறை. ஆனால் டிசம்பரிலிருந்து நைட்டி போட ஆரம்பித்திருந்தேன். பத்து மணி வரைக்கும் அதிலேயே இருப்பேன். பத்து மணிக்கு ரவிக்கை போடும்போது கொக்கி உடனே மாட்டிவிடும். நோட்டில் அரை மணி நேரம் என்று எழுதி வந்தேன். அந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏப்ரலில் எண் அறுபத்து இரண்டு. ஸ்டாண்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. "ஒரு பதினஞ்சு கழிச்சுக்கோங்க டாக்டர்" என்றேன். பதினைந்து என்ற கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. டாக்டர் எதையும் கழிக்காமல் அறுபத்து இரண்டு என்றே அட்டையில் எழுதினார். "அடுத்த தடவை வேற லேப்ல பார்த்துட்டு வாங்களேன்" என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

ராணுவக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சார், உங்க ஸ்டாண்டு சாய்ஞ்சிருக்கு." நான்கு சொல். ஜனவரியிலும் ஏப்ரலிலும் அந்த அறைக்குப் போயிருக்கிறேன், இரண்டு தடவையும் அந்த மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறேன். என் வேலை நாட்களில் இப்படி ஒரு ஸ்டாண்டைப் பார்த்திருந்தால் அன்றைய ரிசல்ட் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருப்பேன். அப்படி நிறுத்திப் பெரிய டாக்டர்களிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். அங்கே வாய் திறக்கவில்லை. சொன்னால் சரிசெய்துவிடுவார்.

என் எதிர் வீட்டுக்காரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். சேரப்பணஞ்சேரியில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். வண்டிகளுக்குச் சின்னச் சின்னப் பித்தளைச் சாமான் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. எட்டு மணி நேரம் ஒரு மேஜையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு சாமானையும் கேஜ் என்கிற இரும்பு அளவுக் கருவியில் நுழைத்துப் பார்ப்பாள். கேஜின் ஒரு பக்கம் கோ, சாமான் போக வேண்டும்; மறுபக்கம் நோ-கோ, போகக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பெட்டிக்கு, இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டிக்கு. வேறு கேள்வி கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்பதால் தெருவே என்னை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். நான் நர்ஸ் இல்லை என்று ஒரு வருடம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். அவளுக்கும் நான் நர்ஸம்மாதான்.

முதல் ஷிஃப்ட் என்றால் காலை ஐந்தரைக்கு அவளுக்கு கம்பெனி பஸ். போகிற போக்கில் என் வீட்டுக்குள் வந்து பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, கெரசின் ஸ்டவ்வைப் பம்ப் அடித்து வைத்துவிட்டுப் போவாள். எப்போது அது பழக்கமானது என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

ஜூலையில் மறுபடி லேபுக்குப் போன நாள் அவளுக்கு வார விடுமுறை. "ஸ்டேசனுக்கு நானும் வரேன் நர்ஸம்மா, தனியா பஸ்ல ஏறி கம்பியப் புடிக்க மாட்டாம நிக்காதீங்க" என்று கூடவே வந்தாள். வேண்டாம் என்று சொல்லச் சரியான காரணம் கிடைக்கவில்லை.

ராணுவக்காரர் வழக்கம்போல வரவேற்றார். "வாங்க மேடம். ரத்தம் குடுக்கவா, இன்ஸ்பெக்‌ஷனா?"

"ரெண்டுமே இல்ல. தேதி வந்துருச்சு, வந்தேன்."

ஊசி போட்டார். ரத்தத்தைக் கலந்து குழாயில் ஏற்றி ஸ்டாண்டில் பொருத்தினார். அவள் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தாள். தலையைச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடினாள்.

"அண்ணே, இன்னா உங்க ஸ்டாண்டு சாஞ்சிகினு கீது?"

"எது சாய்ஞ்சிருக்கு?"

"இதான். வந்து பாருங்க. அடியில அட்டைய சொருவி வச்சிகிறீங்க. எங்க கம்பெனில இப்டி வச்சா சூப்பர்வைசர் ஆளத் தூக்கி வெளில போட்ருவாரு."

"இது உங்க கம்பெனி நட்டு போல்ட்டு இல்லம்மா. லேப் சாமான்."

"லேப் சாமான்னா கோணலா நிக்கலாமா?"

அவருடைய மீசை துடித்தது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "மேடம், நீங்க சொல்லுங்க. சாய்ஞ்சா இருக்கு?"

அந்த இடத்தில் பொய் சொல்ல எனக்குப் படிப்பு போதவில்லை. "இருக்கு" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"ஜனவரிலேர்ந்து."

அவள் திரும்பி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் வெளியே போனார். பக்கத்தில் ஒரு கடை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஸ்டாண்டின் தலையில் அதை வைத்தார். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மாத்திரை அட்டையை உருவி எறிந்தார். ஒரு பழைய கண்ணாடிச் சில்லை எடுத்தார், சரிவரவில்லை. இரண்டு சில் வைத்தார், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் அவள் தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு ஐந்து பைசாவை எடுத்துக் கொடுத்தாள். சில்லோடு ஐந்து பைசா சேர்ந்ததும் குமிழி நடுவில் வந்து நின்றது. எல்லாப் பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்தார். நடுவிலேயே நின்றது.

"முதல்ல போட்டத தூக்கிப் போட்டுடறேன் மேடம். மிச்ச ரத்தத்துல ரெண்டு குழாய் போடறேன். ரெண்டும் ஒரே எண் வந்தா அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது."

சரியான நடைமுறை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இரண்டு குழாய்களையும் பொருத்திவிட்டு, டைம்பீஸை என் முன்னால் வைத்தார். பத்தே கால்.

ஒரு மணி நேரம் மூன்று பேரும் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் வேறு ஆட்கள் வந்தார்கள், சிறுநீர்ப் புட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"இது எறங்குனா இன்னா அர்த்தம் நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

"உடம்புல அழற்சி இருந்தா சிவப்பு அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அடுக்கி வச்ச காசு மாதிரி. கனம் கூடும். வேகமா இறங்கும்."

"கம்மியா எறங்கணுமா, ஜாஸ்தியாவா?"

"கம்மியா."

"ஸ்டாண்டு நேராயிடிச்சே. இப்ப கம்மியாத்தான் எறங்கும்."

"இறங்கணும்" என்றேன்.

முதல் அரை மணியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஆரம்பத்தில் மெதுவாக இருக்கும், நடுவில் வேகமெடுக்கும், கடைசியில் மறுபடி மெதுவாகும். இதைப் பயிற்சிக்கு வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நிமிடத்திலிருந்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அரை மணியில் மஞ்சள் முப்பதைத் தாண்டியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தேன். மணிக்கட்டு ரொட்டி மாவு போலச் சூடாக உப்பியிருந்தது. அந்தச் சூட்டை ஆறு மாதமாக நான் தொடவே இல்லையா, தொட்டும் வெயில் என்று நினைத்தேனா தெரியவில்லை.

பதினொன்றே கால். ராணுவக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாய்க்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்தார். "அறுபத்தெட்டு." அடுத்த குழாய். "அறுபத்தெட்டு." பிறகு விலகி நின்று, "நீங்களே பாருங்க மேடம்" என்றார்.

பார்த்தேன். அறுபத்தெட்டுதான்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஸ்டாண்டு மேல தப்பு இல்லியா?"

"ஸ்டாண்டு மேல தப்புதான்" என்றார் அவர். "ஆனா தப்பு அது ஒண்ணு மட்டும் இல்ல." சீட்டை எழுதி என்னிடம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "ஜனவரிலயே சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு ஒரு அஞ்சு பைசாதான மேடம் செலவு."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிக்கெட் எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. ராத்திரி வாசக் கதவுக்குத் தாப்பா போடறீங்களா?"

"ஏன் கேக்கற?"

"காலைல நான் தள்ளுனா தொறந்துக்குதே. பொங்கல் வரைக்கும் நான் தட்டுவேன், நீங்க வந்து தொறப்பீங்க. அப்பால ஒரு மாசம் தட்டிக்கினே நிப்பேன், உள்ள தாப்பாவோட மல்லுக்கட்டினு இருப்பீங்க, சத்தம் கேக்கும். அப்பால ஒரு நாளு தள்ளுனேன், தொறந்திச்சு. அன்னிலேர்ந்து தாப்பாவே போடறதில்ல நீங்க."

என் வீட்டு வாசல் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள், கனமானது. காலையில் அதை இழுக்க முடியாமல் போன ஒரு நாளில், போடாமலே விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அப்படி முடிவு செய்ததை எங்கும் குறித்து வைக்கவில்லை. எழுந்த நேரம், கொக்கி மாட்டிய நேரம் எல்லாம் எழுதிய அந்த நோட்டில் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"திருடன் வந்து என்னத்த எடுத்துக்கிட்டுப் போகப் போறான்" என்றேன்.

"திருடன வுடுங்க. தாப்பா தொறக்குதா, தொறக்கலியா? எங்க கேஜுல அவ்ளோதான். போவுது, போவல. போவலன்னா செவப்புத் தொட்டி. கேஜு சரியில்லன்னு நான் சொன்னன்னா சூப்பர்வைசர் சிரிப்பாரு."

"நான் என்ன பித்தளைச் சாமானா?"

"சாமானா இருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பேன். மனுசியாப் போயிட்டீங்க, பாலக் கத்திரிச்சிக் குடுத்துகினு கீறேன்."

அதற்கு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. அசதியாக இருந்தது. ஆறு மாதமாக ஒரு ஆள் செய்ய வேண்டிய வேலையை விட அதிகம் செய்தவள் போல அசதி.

அந்த வாரமே சென்னைக்குப் போனேன். டாக்டரிடம் சீட்டை நீட்டினேன். "ஸ்டாண்டு நேரா இருந்துச்சு டாக்டர். ரெண்டு குழாய். எதையும் கழிக்க வேண்டாம்."

அவர் இரண்டு கைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். போன வருடப் படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நான் எக்ஸ்ரே பார்க்கப் படித்தவள் இல்லை. படிக்கத் தேவையிருக்கவில்லை. வலது மணிக்கட்டின் சின்ன எலும்புகளின் ஓரம் எலி கடித்தது போல இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. இடது கை போன வருடம் போலவே இருந்தது.

"இதை சாய்ஞ்ச ஸ்டாண்டு செய்யாது மேடம்" என்றார்.

"செய்யாது."

"போனது திரும்பாது. இடது கையைக் காப்பாத்தப் பார்ப்போம். வலது கையில மிச்சம் இருக்கறதையும்." அட்டையில் ஜனவரி மாதத்து இரண்டு கேள்விக்குறிகளையும் பேனாவால் தொட்டார். "இதைப் போட்டது நான்தான்" என்றார், எனக்கென்று சொல்லாமல். அந்தப் பெருந்தன்மையைத் தாங்குவது கடினமாக இருந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை ஆரம்பித்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மஞ்சள் மாத்திரை. திங்கட்கிழமை முழுவதும் குமட்டும். மாதம் ஒருமுறை ராணுவக்காரர் என் ஈரலையும் வெள்ளை அணுக்களையும் பார்த்தார். அவர் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டின் மேல் ரசமட்டத்தை வைத்துக் காட்டுவார். புதிதாக ஒன்று சொந்தமாகவே வாங்கி வைத்திருந்தார். "மேடத்துக்காக வாங்கினது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் எவ்வளவு குத்தல், எவ்வளவு மரியாதை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் அறுபது. நவம்பரில் நாற்பத்தாறு. வருடம் முடியும்போது முப்பத்து நான்கு. அந்த முப்பத்து நான்கைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்துக் குழாயில் போட்டார்? பழைய ரத்தம் என்றால் எண் குறைத்துக் காட்டும்.

"எப்ப எடுத்த ரத்தம் சார் இது?" என்றேன்.

"உங்க முன்னாலதான மேடம் எடுத்தேன். இந்த நாற்காலிலதான உட்கார்ந்திருந்தீங்க."

ஆமாம். அந்த நாற்காலியில்தான் இருந்தேன்.

எண் இறங்கிய பிறகு எதிர் வீட்டுக்காரி தாழ்ப்பாளை மாற்றச் சொன்னாள். லேசான அலுமினியத் தாழ்ப்பாள் வந்திருக்கிறது, விரல் பட்டாலே நகரும் என்றாள். ஆசாரியைக் கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். புதியதை ராத்திரி போட்டுக்கொள்வதற்கு மேலே அடிக்கச் சொன்னேன். பழையதைக் கழற்ற வேண்டாம் என்றேன்.

ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு கதவுக்கு ரெண்டு தாப்பா இன்னாத்துக்கும்மா?"

"பழசு கேஜு" என்றாள் அவள். ஆசாரிக்குப் புரியவில்லை. அவர் கேட்டதை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நோட்டில் நான் எழுதியது ஒன்றே ஒன்றுதான். காலை எழுந்தவுடன், முகம் கழுவுவதற்கு முன், பழைய தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்ப்பேன். முதலில் வலது கை, பிறகு இடது கை. நைட்டியோ ரவிக்கையோ, வெயிலோ மழையோ, தாழ்ப்பாள் ஒன்றுதான். எண்ணெய் கூடப் போடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டை டாக்டரிடம் கொடுப்பேன். அவர் தன்னுடைய நான்கு விஷயங்களையும் பார்ப்பார், பிறகு என்னுடையதைப் படிப்பார்.

தம்பி இன்னும் கடைசிப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தான். பதில் கடிதங்களை இடது கையால் எழுதப் பழகினேன். எழுத்து அசிங்கமாக இருக்கும், ஆனால் படிக்கலாம். இங்கேயே இருக்கிறேன் என்று எழுதினேன்.

பல வருடம் கழித்து, ஒரகடம் பக்கமெல்லாம் கம்பெனிகள் வந்து, எதிர் வீட்டுக்காரி அங்கே ஒரு லைனுக்குச் சூப்பர்வைசராகப் போன பிறகும், அந்தத் தாழ்ப்பாள் கதவில் இருந்தது. நோட்டுகள் ஏழெட்டு சேர்ந்துவிட்டன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே வரிதான். அவள் பாஷையில்தான் எழுதினேன்; அதைவிடச் சுருக்கமாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

வலது: நோ-கோ. இடது: கோ.